பகுதி சபைல டெங்கு பத்தி கேட்டா கொசுவுக்கு புகை அடிக்கற வண்டிதான் வருது. ஊரோட சுகாதார பிளான் நிஜமா எங்க முடிவாகுது?

தெருக்குழாய்:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் பேரு சொல்லல, தமிழ்நாட்ல இருக்கற 25 மாநகராட்சில ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க, சொன்னா நாளைக்கே வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. எங்க ஏரியாவுக்கு பகுதி சபை, அதாவது வார்டுல ஒவ்வொரு ஏரியா ஜனங்களையும் கூப்பிட்டு நடத்தற கூட்டம், நடந்துச்சு, முந்தின ராத்திரிதான் வாட்ஸப் குரூப்ல யாரோ போட்டாங்க, அரை நாள் லீவு போட்டு போனேன். சமுதாய நலக்கூடம், பிளாஸ்டிக் சேர், மேடைல கவுன்சிலர், ஒரு ஜூனியர் இன்ஜினியர் (ஜேஇ), சுகாதார ஆய்வாளர் (எஸ்ஐ), பில் கலெக்டர். வந்திருந்தவங்கள்ல பாதிப்பேர் முதியோர் பென்ஷன் மனுவோட வந்தவங்க.

எங்க தெருவுல கொஞ்ச நாளாவே வீட்டுக்கு வீடு காய்ச்சல், பக்கத்து வீட்டு பொண்ண டெங்குன்னு அட்மிட் பண்ணி பிளேட்லெட் பாத்துட்டு இருந்தாங்க. அதனால நான் எந்திரிச்சு கேட்டது ஒண்ணே ஒண்ணு, இந்த வார்டுல இந்த சீசன்ல எத்தனை டெங்கு கேஸ், எந்தெந்த தெருவுல. அதுக்கு வந்த பதில் "நாளைக்கே புகை அடிக்க சொல்லிடறேன் சார்". சும்மா சொல்லக்கூடாது, மறுநாள் சாயங்காலம் வண்டி வந்துச்சு, தெரு பூரா வெள்ளையாச்சு, பசங்க பின்னாடியே ஓடுனாங்க, அவ்ளோதான். மினிட் புக்ல என்ன எழுதிருக்காங்கன்னு கேட்டு வாங்கி பாத்தா "கொசுத்தொல்லை குறித்த புகார், உடனடி நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது".

நான் புகாரே குடுக்கலைங்க, கணக்குதான் கேட்டேன். இந்த கூட்டத்துக்கெல்லாம் போறதுல பிரயோஜனம் இருக்கா, இல்ல சுகாதாரத்துக்கு இவ்ளோ, இந்த ஏரியாவுக்கு இது முதல்லன்னு முடிவு பண்றது வேற எங்கயோ நடக்குதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கடலைமிட்டாய்:
மறுநாளே வண்டி வந்துச்சா? எந்த ஊரு தலைவா, அங்க வாடகைக்கு வீடு கிடைக்குமா?

பழைய_எஸ்ஐ:
தம்பி, நான் சுகாதார ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன், எந்த ஊருன்னு நானும் சொல்லப் போறதில்ல. மேடைல உக்காந்திருந்த எஸ்ஐ மேல கோவப்படாதீங்க, நீங்க கேட்ட கணக்கு அவரோட போன்லயே இருந்திருக்கும். ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து டெங்கு எலிசா டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்தா அது ஐஎச்ஐபின்னு மத்திய அரசோட நோய் கண்காணிப்பு போர்ட்டல்ல ஏறும், அங்கேருந்து மாநகராட்சி நல அலுவலர் ஆபீசுக்கு வரும், அங்கேருந்து அந்தந்த ஏரியா எஸ்ஐக்கு பேரு வயசு அட்ரஸோட வரும். அந்த வீட்டுக்கும் சுத்தி இருக்கற வீடுகளுக்கும் போயி புழு பாக்கணும், மருந்து ஊத்தணும், வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கான்னு விசாரிக்கணும். ஆனா கூட்டத்துல எந்திரிச்சு "எங்க வார்டுல இத்தனை"ன்னு சொன்னா மறுநாள் பேப்பர்ல வரும், அதுக்கப்பறம் மேலேருந்து போன் வரும், யாரு உன்ன சொல்ல சொன்னதுன்னு. வேலைக்கு சேர்ந்த புதுசுலயே இது எல்லாருக்கும் பழகிடும்.

புகை சமாச்சாரத்துக்கு வரேன். புகை, பறந்துட்டு இருக்கற கொசுவ மட்டும்தான் கொல்லும், அதுவும் மேல பட்டாத்தான். டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கறது, வீட்டுக்குள்ள கட்டிலுக்கு அடிலயும் கொடில தொங்கற துணிலயும் உக்காந்து கெடக்கும், நீங்க சாயங்காலம் ரோட்ல புகை அடிச்சா அதுக்கென்ன. தண்ணிக்குள்ள இருக்கற புழுவுக்கு ஒண்ணுமே ஆகாது, ஒரு வாரம் பத்து நாள்ல அடுத்த செட்டு பறக்க ஆரம்பிச்சுடும். கேஸ் வந்த வீட்டுக்குள்ளயும் பக்கத்து வீடுகள்லயும் கை மெஷின்ல அடிக்கறதுல அர்த்தம் இருக்கு, இல்லங்கல. வண்டில வெச்சு தெருத்தெருவா அடிக்கறது ஜனங்க கண்ணுக்கு.

இன்னொண்ணு, ராத்திரி காதுகிட்ட வந்து ங்ஙொய்னு பாடுதே, அது க்யூலெக்ஸ். சாக்கடைல, கால்வாய்ல, தேங்குன கழிவுத்தண்ணில வளர்றது, அதால டெங்கு வராது. கூட்டத்துல ஜனங்க சத்தம் போடறது பூரா இந்த ராத்திரி கொசுவுக்கு, புள்ளைங்கள ஆஸ்பத்திரில படுக்க வெக்கறது பகல் கொசு. ரெண்டும் வளர்ற எடம் வேற வேற, செலவு பண்ண வேண்டிய விதமும் வேற வேற. ஒண்ணுக்கு கால்வாய் தூர் வாரணும், இன்னொண்ணுக்கு வீடு வீடா ஆள் போகணும். ரெண்டையும் சேத்து "கொசுத்தொல்லை"ன்னு ஒரே வரில எழுதுனா காசு எங்க போகும், மெஷின் வாங்கத்தான் போகும். மெஷின் வாங்குனா பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கலாம், டிரம்ம கவுத்து கழுவுனா எவன் வந்து போட்டோ எடுப்பான்?

கோவை_குசும்பு:
ஏனுங்க எஸ்ஐ ஐயா, அப்ப இத்தன வருசமா நாங்க சுவாசிச்ச டீசல் புகையெல்லாம் சும்மாங்களா? 😄

டிபிசி_அக்கா:
ஐயா சொன்னது அம்புட்டும் உண்மை. நான் டிபிசி வேலை பாக்கேன், வீடு வீடா போயி கொசுப்புழு இருக்கான்னு பாக்க வேலை, டெங்கு மஸ்தூர்னு சொல்லுவாங்கல்லா அதேதான், காண்ட்ராக்ட்டு. ஒரு நாளைக்கு இத்தன வீடுன்னு டார்கெட் உண்டு. மேல டேங்க் பாக்கணும்னு சொன்னா சாவி இல்லம்பாங்க, ஏணி இல்லம்பாங்க, வீட்டுக்காரரு ஊருக்கு போயிருக்காரும்பாங்க. பெரிய வீடுகள்லதான் கேட்டே தொறக்க மாட்டாங்க, உள்ள இருந்தே "எங்க வீடு நீட்டா இருக்கு போம்மா"ன்னு சத்தம் மட்டும் வரும், ஆனா ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி ஒரு தட்டு இருக்குல்லா, டார்ச் அடிச்சு பாத்தா அதுல நெளிஞ்சுகிட்டு கெடக்கும், மணிபிளாண்ட் பாட்டில், பூந்தொட்டிக்கு அடில வெக்க தட்டு, மாடில போட்ட பழைய ஆட்டுக்கல்லு, எல்லாத்துலயும் கெடக்கும்.

சின்ன வீடுகள்ல உள்ள கூப்பிட்டு எல்லாத்தையும் காட்டுவாங்க, அங்கதான் டிரம்மும் குடமுமா வரிசையா நிக்கும், ஏன்னா அந்தப் பக்கம் தண்ணி வாரத்துக்கு ஒருக்கதான் வருது. புழு இருக்கு கொட்டிருங்கக்கான்னு ஒருக்க சொன்னேன், அந்த அக்கா என்னைய பாத்து "கொட்டிருதேன், நீ வந்து ஊத்துவியா"ன்னு கேட்டா. நான் என்னத்த சொல்ல. புழுவ கொல்லுத அபேட் மருந்து ஊத்தினா வாடை அடிக்குன்னு எனக்கு பின்னாடியே கொட்டிருவாங்க, குடிக்க தண்ணில்லா. சும்மா கொட்டினாலும் போதாது, முட்டை டிரம் ஓரத்துல ஒட்டி காஞ்சு மாசக்கணக்கா அப்படியே கெடக்கும், திரும்ப தண்ணி பட்டா பொரிச்சிரும், ப்ளீச்சிங் பவுடர் போட்டு நார் வெச்சு தேய்க்கணும்.

எந்த தெருவுல எத்தன வீட்ல புழு இருந்துச்சுன்னு தெனமும் தாள்ல எழுதி குடுக்கோம். அந்த தாள் அதுக்கப்பறம் எங்க போகுதுன்னு எங்களுக்கு தெரியாது. ஒரு கூட்டத்துக்கும் எங்கள கூப்பிட்டதில்ல, சேர் போடத்தான் கூப்பிடுவாங்க.

தெருக்குழாய்:
அக்கா இத நீங்க அந்த கூட்டத்துல சொல்லிருந்தீங்கன்னா போதும், நான் வாயே தொறந்திருக்க வேண்டாம். எங்க தெருவுக்கும் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவைதான். நான் டெங்குவையும் தண்ணியையும் வேற வேற பிரச்சனையா வெச்சு பேசிட்டு இருக்கேன், மேடைல ஜேஇ-யும் எஸ்ஐ-யும் பக்கத்து பக்கத்து சேர்லதான் உக்காந்திருந்தாங்க, ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல.

வெட்டி_ஆபீசர்:
உண்மைய சொன்னா எல்லாரும் அடிக்க வருவீங்க, ஆனாலும் சொல்றேன். சுகாதாரத்துக்கு கூட்டம் எதுக்கு? கவுன்சிலருக்கு ஏடிஸ் தெரியுமா க்யூலெக்ஸ் தெரியுமா? நல்ல ஐஏஎஸ் ஒருத்தர கமிஷனரா போட்டு அதிகாரம் குடுத்தா ஆறே மாசத்துல முடிச்சுடுவார். 1994ல சூரத்ல பிளேக் வந்துச்சு, ஊரே காலியாகி ஓடுச்சு, 95ல எஸ்.ஆர்.ராவ்னு ஒரு கமிஷனர் வந்தார், 96லயே இந்தியாவோட ரெண்டாவது சுத்தமான நகரம்னு பேரு வாங்கிட்டாங்க. அங்க என்ன பகுதி சபையா நடத்துனாங்க?

சூரத்_சரக்கு:
நான் ஜவுளி வேலையா சூரத்ல பல வருஷம் இருந்தவன் அண்ணே, ராவ் சாப் பேரு அங்க இன்னும் பெரியவங்க வாய்ல வரும். ஆனா அவரு கூட்டமே இல்லாம செஞ்சாருன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். ஊர ஆறு மண்டலமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு அதிகாரிக்கு காசு செலவு பண்ற அதிகாரத்தோட குடுத்தார். காலைல எல்லா பெரிய அதிகாரியும் ஏசி ரூம விட்டு தெருவுக்கு போகணும், பாத்துட்டு வந்து தெனமும் ஒண்ணா உக்காந்து பேசணும், இதத்தான் அவரு ஏசிலேருந்து டிசின்னு சொல்வாரு, டிசின்னா தினசரி வேலை. அந்த கூட்டத்துல குப்பைக்காரரும் தண்ணிக்காரரும் சுகாதாரக்காரரும் ஒரே டேபிள். குப்பை எடுக்கலன்னா அதுக்கு பதில் சொல்லாம எந்திரிச்சு போக முடியாது. கூட்டம் இருந்துச்சு, தெனமும் இருந்துச்சு, ஆனா கையில தெருவோட நெலவரத்த வெச்சுகிட்டு பேசுனாங்க.

ஆர்டிஐ_ஆசாமி:
வெட்டி சார், நீங்க கேக்கற மாதிரி கவுன்சிலர் இல்லாத ஆட்சிய தமிழ்நாடு ஏற்கனவே பாத்தாச்சு. 2016 அக்டோபர்ல மாநகராட்சி மன்றங்களோட பதவிக்காலம் முடிஞ்சுது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 தான். நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி, மாமன்ற கூட்டமே கெடையாது. அந்த இடைவெளிலதான் 2017 வந்துச்சு, தமிழ்நாட்ல அரசு கணக்குப்படி 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் செத்தாங்க. கவுன்சிலர் இல்லாததால டெங்கு வந்துச்சுன்னு நான் சொல்ல வரல, அப்படி சொன்னா அபத்தம். அதிகாரி மட்டும் இருந்தா தானா சரியாயிடும்ங்கறதும் நடக்கல, அவ்ளோதான்.

தெருக்குழாய் கேட்டதுக்கு வரேன். பொது சுகாதாரமும் குடிநீரும் குப்பையும் அரசியல் சட்டத்தோட 74வது திருத்தத்துல, 1993 ஜூன்ல அமலுக்கு வந்துச்சே அதுல, 12வது அட்டவணைல நகராட்சிகளுக்குன்னு எழுதின 18 விஷயத்துல இருக்கு. நம்ம ஊருக்கு அதுக்கும் முன்னாடியே 1939லயே மெட்ராஸ் பொது சுகாதார சட்டம் இருக்கு, இந்தியாவுலயே இந்த மாதிரி மொத சட்டம் அதுதான். இப்ப நடக்கற பகுதி சபை வார்டு கமிட்டி எல்லாம் 2022 விதிகள்ல வந்தது. சென்னைல ஒரு வார்டுக்கு பத்து ஏரியா, ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு பிரதிநிதி, கவுன்சிலர் தலைமைல அவங்க சேர்ந்தா வார்டு கமிட்டி. அந்த பிரதிநிதிய ஜனங்க ஓட்டு போட்டு எடுக்கறதில்ல, மன்றம் நியமிக்குது, இதுல யாரு வருவாங்கன்னு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

காசு முடிவாகறது சபைல கெடையாது. சபைல எழுதறது வார்டு கமிட்டிக்கு போகணும், அங்கேருந்து மண்டலக் குழு, பொது சுகாதார நிலைக்குழு, அப்பறம் மாமன்றம். மாமன்றத்துல என்ன நடக்கும்னா கேள்வி நேரம் நேரமில்லா நேரம்னு ரெண்டு மூணு மணி நேரம் சத்தமா போகும், எல்லா கவுன்சிலரும் அவங்க வார்டு லைட்டு ரோடு பேசுவாங்க, கடைசில அஜெண்டால இருக்கற அறுபது எழுபது பொருளும் "நிறைவேற்றப்பட்டது நிறைவேற்றப்பட்டது"ன்னு பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். அந்த அறுபதுலதான் மருந்து கொள்முதல், மெஷின் வாடகை, காண்ட்ராக்ட் ஆள் நீட்டிப்பு எல்லாம் இருக்கும். அதனால பிரயோஜனம் இருக்கான்னு கேட்டா, மனுவா வாயில சொன்னா இல்ல, தீர்மானமா எழுத வெச்சா கொஞ்சம் இருக்கு.

கடலைமிட்டாய்:
நேரமில்லா நேரத்துல எல்லாத்துக்கும் நேரம் இருக்கு, தீர்மானத்துக்குதான் நேரம் இல்ல போல.

திருவொற்றியூர்_காத்து:
சென்னைல இதுக்கு மேல ஒரு கூத்து இருக்கு. மத்த மாநகராட்சில குழாத்தண்ணியும் பாதாள சாக்கடையும் மாநகராட்சியே பாக்கும், இங்க 1978லேருந்து அது குடிநீர் வாரியம், தனி நிறுவனம். மழைத்தண்ணி வடிகால் மாநகராட்சி. ஆறு கால்வாய்னா நீர்வளத்துறை. வாரிய குடியிருப்புன்னா வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஆக சாக்கடை பொங்கி மழைத்தண்ணி கால்வாய்ல கலந்து அது ஆத்துல போயி நின்னா அங்க வர்ற கொசு யாரோடது? மண்டலக் கூட்டத்துல குடிநீர் வாரிய இன்ஜினியரும் வந்து உக்காருவாங்க, ஆனா அவங்க பட்ஜெட் மாமன்றத்துல பாஸ் ஆகறதில்ல, கவுன்சிலர் கத்துனா "மேலிடத்துக்கு எழுதறோம்"னு சொல்லிட்டு போயிடுவாங்க.

கொசு பரவால்ல, தண்ணிலயே கழிவு கலந்தா? 2024 டிசம்பர்ல பல்லாவரம் பக்கம் வாந்தி பேதின்னு ஜனங்க கூட்டமா ஆஸ்பத்திரிக்கு போனாங்க, தண்ணிதான் காரணம்னு ஜனங்க, இல்லவே இல்லன்னு அமைச்சர், ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி நேரத்துல குளோரின் டெஸ்ட் ரிசல்ட்டு, வாந்தி பேதி கேஸ் லிஸ்ட்டு, பைப் லைன் மேப்பு மூணும் ஒரே டேபிள்ல இருக்கணும். நம்ம ஊர்ல மூணும் மூணு ஆபீஸ்ல இருக்கும்.

மூணாவது_மாடி:
எல்லாரும் கேஸ் லிஸ்ட்ட கூட்டத்துல வாசிக்கணும்னு சொல்றீங்க, எனக்கு பயமா இருக்குங்க. 2020ல கொரோனான்னு வீட்டு வாசல்ல தகரம் அடிச்சத மறந்துட்டீங்களா? எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு குடும்பத்துக்கு பாசிட்டிவ்னு தெரிஞ்சதும் பால் பாக்கெட் கூட வர விடல, அவங்க சரியாகி ரொம்ப நாளைக்கு அப்பறமும் லிஃப்ட்ல யாரும் கூட ஏற மாட்டாங்க. டெங்கு அப்படி தொத்தறதில்லன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும், வாட்ஸப் குரூப்புக்கு தெரியுமா? வாடகைக்கு இருக்கறவங்கள காலி பண்ண சொல்லிடுவாங்க.

பழைய_எஸ்ஐ:
மேடம் சொல்றது நியாயம். பேரு, வீட்டு நம்பர் எதுவும் வேணாம், அது வெளிய வரவும் கூடாது. தெரு வாரியா எண்ணிக்கை போதும், சின்ன தெருன்னா நாலு தெருவ சேத்து ஒரு எண்ணு. அதுகூட ரெண்டாம்பட்சம், என்ன கேட்டா காய்ச்சல் கணக்க விட டிபிசி தங்கச்சி எழுதி குடுக்கற அந்த தாள்தான் முக்கியம். நூறு வீட்ல எத்தனை வீட்ல புழு, இத ஹவுஸ் இண்டெக்ஸ்னு சொல்வோம். கேஸ் வந்ததுக்கு அப்பறம் தெரியறது நடந்து முடிஞ்ச கதை, புழு கணக்கு இனிமே நடக்கப் போறது. அதுல யாரோட நோயும் வெளிய வராது, யாருக்கும் அசிங்கமும் இல்ல. அந்த எண்ண தெரு வாரியா ஒரு சார்ட்ல எழுதி, பக்கத்து கட்டத்துல அந்த தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவ தண்ணி விடறாங்கன்னு எழுதி, கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சுவத்துல ஒட்டிட்டா போதும். ஜேஇ பதில் சொல்லியே ஆகணும். நான் சர்வீஸ்ல இருந்தப்ப இத ஒரு தடவ எழுதி மேல அனுப்பினேன், ஃபைல் திரும்பி வரல.

ஆர்டிஐ_ஆசாமி:
கணக்கு வெளிய வரணும்ங்கறதுக்கு பெரிய சாட்சியே சென்னைதான். 2020 ஜூன்ல கொரோனா சாவு எண்ணிக்கை சுகாதாரத்துறை புல்லட்டின்ல ஒண்ணா இருந்துச்சு, மாநகராட்சியோட இறப்பு பதிவேட்டுல அதவிட அதிகமா இருந்துச்சு. செய்தியா வெடிச்சு, கமிட்டி போட்டு ஒப்பிட்டு பாத்து, ஜூலை 22ஆம் தேதி 444 சாவ கூடுதலா சேத்தாங்க. ஊர் கையில தனியா ஒரு பதிவேடு இருந்ததாலதான் அது தெரிஞ்சுச்சு. இறப்பு பதிவு மாநகராட்சியோட பழைய வேலை, கொசு கணக்கும் அப்படி ஒரு புக்குல ஏறணும்.

வெட்டி_ஆபீசர்:
சரி, கணக்கு ஒட்டறாங்கன்னே வெச்சுக்குவோம். உடனே என்ன நடக்கும்? ஹவுஸ் இண்டெக்ஸ் ஜாஸ்தின்னா எஸ்ஐக்கு மெமோ. அடுத்த வாரம் எல்லா தெருவுலயும் ஜீரோன்னு எழுதி வரும். கணக்க கேக்க கேக்க கணக்கு பொய்யாத்தான் வரும்.

டிபிசி_அக்கா:
இது நெசந்தான். போன சீசன்ல "இவ்ளோ எழுதாத"ன்னு என்கிட்டயே சொன்னவங்க உண்டு. புழு கண்டுபிடிச்சா நம்ம வேலை சரியில்லன்னு அர்த்தமாம்.

பழைய_எஸ்ஐ:
வெட்டி சாரும் தங்கச்சியும் சொல்றதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. ஒரு வார்டுல பாத்த புழு வீட்ட பக்கத்து வார்டு ஆளு போயி பத்துல ஒண்ண மறுபடி பாக்கற வழக்கம் ஒரு காலத்துல எங்க ஊர்ல இருந்துச்சு, கிராஸ் செக்னு சொல்வோம், ஆள் பத்தலன்னு நிறுத்திட்டாங்க. திரும்ப கொண்டு வரலாம்.

யாழ்_கிணத்தடி:
உங்கட கதையள வாசிச்சுக்கொண்டு வாறன். எங்கட பக்கம், இலங்கையில, இந்த வேலை பி.எச்.ஐமாரின்ர வேலை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எண்டு சொல்லுறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழ பி.எச்.ஐ, மருத்துவமாது எல்லாம். 1926ல களுத்துறையில தொடங்கின முறை அது. டெங்கு எண்டு ஆஸ்பத்திரியில பதிஞ்சா பி.எச்.ஐ வீட்டுக்கே வந்து வளவெல்லாம் பாப்பினம், சிரட்டை, யோகட் கப் எல்லாம் கிளறிப் பாப்பினம். குடம்பி, அதுதான் நீங்கள் சொல்லுற புழு, கண்டால் 2007ல வந்த நுளம்புச் சட்டத்தின்ர கீழ வழக்குத்தான், நுளம்பு எண்டால் கொசு, கோட்டுக்குப் போய் தண்டம் கட்டவேணும். அதுக்காக எல்லாம் சரியெண்டு நினைச்சுப் போடாதேங்கோ, 2017ல இலங்கை முழுக்க 1,86,000 பேருக்கு மேல டெங்கு. சட்டமும் ஆளும் இருந்தும் அப்பிடி. குப்பை எடுக்கிறது பிரதேச சபை, மாநகர சபை. நோய் பாக்கிறது சுகாதாரத் திணைக்களம். அங்க நீங்கள் சொல்லுற அதே இடைவெளிதான் எங்களுக்கும்.

கோவை_குசும்பு:
யோகட் கப்புலயுமா! எங்கூர்ல இளநி கூடு கெடந்தாவே கண்டுக்க மாட்டாங்கோ. அபராதம் போடறது பத்தி ஒண்ணு சொல்றேனுங்க, வாரத்துக்கு ஒருக்கா தண்ணி விடற ஊர்ல டிரம்முல புழு இருக்குன்னு குடிசைக்காரம்மாவுக்கு அபராதம் போட்டா அது அநியாயம். கட்டடம் கட்டறவங்க தண்ணி தொட்டி, பழைய டயர் கடை, பூட்டி வெச்ச காலி மனை, இவுங்களுக்கு போடட்டும்.

தெருக்குழாய்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் புரிஞ்சுகிட்டத எழுதறேன், அடுத்த சபைல வாயில பேசாம தீர்மானமா குடுக்கலாம்னு இருக்கேன், தெருவுல ஒரு முப்பது நாப்பது பேர் கையெழுத்து போடுவாங்க. ஒண்ணு, தெரு வாரியா ஹவுஸ் இண்டெக்ஸும் தண்ணி விடற நாளும் கூட்டத்துக்கு முன்னாடி போர்டுல ஒட்டணும். ரெண்டு, தண்ணி இடைவெளி அதிகமா இருக்கற தெருவுக்கு டிரம் மூடியோ வலைத்துணியோ வார்டு நிதில குடுக்கணும், புகை மெஷின் செலவுல கொஞ்சத்த இதுக்கு திருப்பலாம், கூடவே தண்ணி விடற நாள ரெண்டு நாளைக்கு ஒருக்கான்னு கொண்டு வர ஜேஇ எழுத்துல பதில் தரணும். மூணு, டிபிசி ஆளுங்கள்ல ஒருத்தர் கூட்டத்துல உக்காந்து பேசணும். இதுல ஏதாவது தப்பா போகுமா?

மூணாவது_மாடி:
கூட்டத்த ஞாயித்துக்கிழமையோ சாயங்காலமோ வைக்க சொல்லியும் ஒரு வரி சேருங்க. வேல நாள்ல காலைல பதினோரு மணிக்கு வெச்சா எங்கள மாதிரி வேலைக்கு போற பொம்பளைங்க எப்படி வர்றது?

ஆர்டிஐ_ஆசாமி:
"கேட்டுக்கொள்கிறோம்"னு எழுதாதீங்க, "இந்த பகுதி சபை தீர்மானிக்கிறது"ன்னு எழுதுங்க. அப்படி எழுதுனாத்தான் வார்டு கமிட்டி அதுக்கு ஆமாவோ இல்லையோ பதில் எழுதணும்னு நீங்க பிடிச்சு கேக்க முடியும். பதில் வரலன்னா ஆர்டிஐ போடறதுக்கும் சுலபம், தீர்மான நகல், அது மேல எடுத்த நடவடிக்கைன்னு ரெண்டே கேள்வி.

பழைய_எஸ்ஐ:
எப்ப குடுக்கறீங்கங்கறது அதவிட முக்கியம் தம்பி. வடகிழக்கு மழை ஐப்பசில எறங்கும், கேஸ் அப்பதான் ஏறும், எல்லாரும் அப்பதான் கூட்டத்துல கத்துவாங்க. ஆனா ஆள் எடுக்க டெண்டர் விட்டு, மருந்து வாங்கி, மூடி வாங்கின்னு ரெண்டு மூணு மாசம் ஆயிடும். ஆடில பேச வேண்டியத ஐப்பசில பேசுனா புகைதான் வரும், ஏன்னா அந்த நேரத்துல குடுக்கறதுக்கு அவங்க கையில அது ஒண்ணுதான் இருக்கும். காசு கேக்கற விஷயத்த அதுக்கும் முன்னாடி, மார்கழி தையிலயே குடுங்க, மாநகராட்சி பட்ஜெட் மாசி பங்குனில வரும், அதுக்கு எஸ்டிமேட் அப்பவே போட ஆரம்பிச்சுடுவாங்க.

வெட்டி_ஆபீசர்:
தண்ணிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா விடறதெல்லாம் வார்டு லெவல்ல நடக்காதுங்க, மேல்நிலைத்தொட்டி, மோட்டார், மெயின் லைன் எல்லாம் சம்பந்தப்பட்டது. அத கேட்டா மொத்த மனுவையும் ஓரமா வெச்சுடுவாங்க. மூடிய மட்டும் கேளுங்க, நடக்கும்.

திருவொற்றியூர்_காத்து:
கேக்காம விட்டா அது சுகாதார பிரச்சனைன்னு ஃபைல்ல ஏறவே ஏறாது. ரெண்டையும் தனித்தனி தீர்மானமா குடுங்க, ஒண்ண ஓரமா வெச்சாலும் இன்னொண்ணு ஓடும்.

தெருக்குழாய்:
இது நல்ல யோசனை, தனித்தனியாவே எழுதிடறேன். டிபிசி அக்கா, உங்க ஊர்ல இல்ல எங்க ஊர்ல உங்க மாதிரி வேலை பாக்கறவங்கள கூட்டத்துல பேச கூப்பிட்டா அவங்களுக்கு ஏதும் தொல்லை வருமா?

டிபிசி_அக்கா:
வரும். காண்ட்ராக்ட்டுல்லா, நாளையிலருந்து வராதன்னு ஒரு வார்த்தை போதும். ஆள் பேர சொல்லி கூப்பிடாதிய. "களப்பணியாளர் ஒருவர்"னு தீர்மானத்துல போட்டு, நல அலுவலரே அனுப்பணும்னு எழுதுங்க. அவரு அனுப்பி வந்தா அது டூட்டி, நாங்களும் தைரியமா சொல்லுவோம்.

பழைய_எஸ்ஐ:
தங்கச்சி சொன்னபடியே எழுதுங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல தேதியோட சீல் வாங்கிக்கோங்க, கவுன்சிலர்கிட்ட மட்டும் குடுத்துட்டு வந்துடாதீங்க, நல அலுவலர் ஆபீஸ் தபால் பிரிவுலயும் ஒண்ணு போடுங்க. முத்திரை இல்லாத தாள் எங்க ஆபீஸ்ல ஜன்னல் ஓரத்துல காத்துக்கு பறக்காம இருக்க ஒரு கல்ல வெச்சு கெடக்கும், அவ்ளோதான்.

கடலைமிட்டாய்:
வீட்டு வாடகை எவ்ளோன்னு யாரும் சொல்லவே இல்ல.